மதிப்பெண் ஐந்து

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல்
மூன்று மணிக்கு எங்கள் லேபுக்குள் வந்து உட்காரும்.
அதன்பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன்
கருங்கல், பளுகல், குழித்துறைப் பெண்களை.
பெயர் இருக்காது. எண் மட்டும்.
கண்ணாடியில் ஒரு தேய்ப்பு,
தீயில் மூன்று தரம் காட்டி
ஊதா, அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்பு.

ஊதாக் குச்சிகள் நெருங்கிக் கிடந்தால் நல்லது.
தயிரை உறைய வைக்கிற கூட்டத்துக்கு
ஒன்றுவிட்ட தங்கைகள் அவை;
புளிப்பைச் சுரந்து, புளிப்பையே காவலுக்கு நிறுத்துகிறவை.
புளிப்பைக் கேவலமாக நினைக்காதவள் நான்.
அப்பா இன்று காலையும் ரப்பர் பாலில் ஆசிட் விட்டிருப்பார்.
கொஞ்சம் குறைந்தால் உறையாது;
அன்றைய பால் முழுக்க ஓடைக்கு.

எழுபத்தொரு நாளாக எனக்கு வரவில்லை.
குவைத்திலிருந்து ஸ்டெரின் வந்துபோய்ப் பதினான்கு மாதம்.
எங்கள் இரண்டு லீவும் ஒத்துப்போனதேயில்லை.
அவன் இருந்த நாற்பது நாளும்
என் முட்டைகள் ஒன்றும் அசையவில்லை.
ஸ்கேன் எடுத்தவள் திரையைத் திருப்பி
"முத்துமாலை மாதிரி இருக்கு பாருங்க" என்றாள்,
ஏதோ நகைக்கடையில் நிற்பது போல.
பதினாறு. எண்ணிவிட்டேன். தொழில் பழக்கம்.

தாடையில் மூன்று முடி;
திங்கள்தோறும் பறிப்பது மாமிக்குத் தெரியாது.
மாமிக்குத் தெரிந்தது உபவாச ஜெபம்.
வெள்ளிக்கிழமை, மைக்கில்,
கர்ப்பத்தின் கனிக்காக
இனிஷியலோடு என் பெயரை வாசிக்கிறார்கள்.

நேற்று கரண்ட் போன நேரம்
பாத்ரூமில் நானே எனக்கு எடுத்தேன்.
நாற்பதாம் எண்ணுக்குப் பிறகு
சீட்டில்லாமல் ஒரு நாற்பத்தொன்று.
கரண்ட் வந்ததும் எண்ணெய்த் துளி, நூறு மடங்கு.
கடைசி பஸ்ஸும் போன பிறகு
ஸ்டாண்டில் நிற்கிற ஆட்கள் மாதிரி
இங்கொன்று அங்கொன்று குச்சிகள்.
நடுவே சிவப்பாய்ப் பொடிப்பொடியாய் வேறு யாரோ.
ஓரத்தில் ஒரு செல்:
மணவாளக்குறிச்சிக் கருமணலில் விழுந்த அப்பளம்,
விளிம்பே தெரியவில்லை.
பத்து இடம் பார்த்துக் கூட்டினேன்.
ஐந்து.
மூன்று வரை சுகம், ஏழிலிருந்து நோய்.
ஐந்துக்கு நான் வழக்கமாக எழுதுவது:
இடைநிலை. மீண்டும் பார்க்கவும்.

டாக்டர் லில்லிபாயிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.
"பிசிஓஎஸ் உள்ள சிலருக்குக் குச்சி குறைவா இருக்குன்னு
சில ஆய்வுகள் சொல்லுது.
ஹார்மோன் மாறினா அங்க அதுகளுக்குத் தீனி குறையலாம்.
இதால அதுவா, அதால இதுவா, இன்னும் உறுதியாத் தெரியாது.
கோழியா முட்டையா கதைதான்."
பிறகு, 'முட்டை' என்றதற்கு வருந்தியவர் போல
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்த மல்லிகை வாசனை பாட்டிலால
கழுவறத மட்டும் நிறுத்தச் சொல்லு, அந்த ஆளை."
பாட்டில் ஸ்டெரின் வருகைக்காக வாங்கியது.
இன்னும் பாதி இருக்கிறது.

ராத்திரி பத்தரைக்கு அழைத்தான்.
முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
"விசேஷம் ஒண்ணும் உண்டா?"
வந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆனவன்
கேட்கிற கேள்வியா இது என்று
ஒருநாளும் நான் சொன்னதில்லை.
"உண்டு" என்றேன்.
அங்கே ஏசி மட்டும் இரைந்தது.
"எனக்க உள்ள ஒரு ஊரு உண்டு.
பாதி ஆளுவளும் வெளிநாடு போயாச்சு.
மிச்சம் உள்ளவிய காவல் காக்கப் போதாது."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"அவியளுக்கு லீவு எப்ப?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.
அவனுடையதும் அவனுக்குத் தெரியாது.